நம்பியவர்களின் முழங்கை

தென்கடற்கரை ஓரத்தில், நாற்புறமும் உப்பளங்களின் வெண்மை சூழ வீற்றிருக்கும் உவரிமேடு என்னும் ஊரில், காலஞ்சென்ற வெள்ளையப்பனாரின் மூத்த குமாரரும், உப்பு லாரிகளை நிறுத்துச் சொல்லும் எடைமேடையின் உரிமையாளரும், முத்தாரம்மன் கொடைவிழாக் கமிட்டியின் ஆயுட்கால உறுப்பினருமாகிய திருவாளர் வெ. சுயம்புலிங்கம் அவர்களுக்கு, இச்செய்தி நிகழ்ந்த காலத்தில் வயது ஐம்பத்தொன்பது என்பதை முதற்கண் சொல்லிவிடுவது முறையாகும். ஏனெனில் ஐம்பத்தொன்பது என்பது, ஒருவர் புதிதாக ஒன்றைக் கற்கப் புகுந்தால் ஊர் சிரிக்கும் வயது, கற்காமலே தெரியும் என்று சொன்னால் ஊர் நம்பும் வயது.

அவர் வீட்டு முன்னறையில், காலண்டருக்கும் கல்யாணப் படத்துக்கும் இடையே, ஓர் ஆணியில் நுஞ்சாக்கு தொங்கியது. முக்கால் முழ நீளத்தில் இரண்டு கருங்கட்டைகள், அவற்றை இணைக்கும் அரைச்சாண் சங்கிலி, அவ்வளவுதான் அது. ஊரார் அதைச் சங்கிலிக்கட்டை என்றனர். இளமையில் பினாங்கில் மளிகைக்கடை வேலை பார்த்துத் திரும்பிய சுயம்புலிங்கம், அங்கே துறைமுகத்துச் சீனர் ஒருவரிடம் அந்தக் கலையைப் பயின்றதாகவும், சம்பள நாளில் தம்மை மறித்த ஐந்து பேரை அந்தக் கட்டையாலேயே கடலுக்குள் இறங்கி ஓட வைத்ததாகவும் ஒரு மாலை, ஒரே ஒரு மாலை, தேநீர்க்கடையில் சொன்னார். அதன்பின் அவர் வாய் திறக்க வேண்டிய தேவையே எழவில்லை. ஊர் சொல்லிற்று. ஐவர் எழுவராயினர், எழுவர் பதின்மராயினர், அவர்கள் கையில் முதலில் கத்தியும் பிறகு அரிவாளும் முளைத்தன, ஒருவனுடைய முன்பல் இன்றும் பினாங்குத் துறைமுகத்து மணலில் கிடப்பதாக உப்பு லாரி ஓட்டுநர்கள் கரூர் வரைக்கும் கொண்டுபோய்ச் சொன்னார்கள். எடைமேடையில் ஒரு கைப்பிடி உப்புகூடக் கூடக்குறையச் சொல்லாத மனிதர் பொய் சொல்வார் என்று எவருக்குத்தான் தோன்றும்?

அந்தச் சொல்லின் நிழலில் வாழ்ந்தவர்களுள் முதன்மையானவன் தங்கத்துரை. எடைமேடைக்கு எதிரே, லாரிகள் திரும்பும் முக்கில், தன்னந்தனியாகப் பஞ்சர்க்கடை வைத்திருந்த அவனிடம் ஒருமுறை வெளியூர்க் குடிகாரர்கள் சிலர் வம்புக்கு வந்து, கம்பிரசரை உடைக்கக் கல்லைத் தூக்கியபோது, "கொஞ்சம் பொறுங்க, சுயம்பு அண்ணாச்சி கட்டையை எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டு இருக்காரு" என்று அவன் சொன்னான். கல் கீழே விழுந்தது, வந்தவர்கள் போனார்கள். அன்று சுயம்புலிங்கம் ஊரிலேயே இல்லை. ஆயினும் அன்றுமுதல் தங்கத்துரை பொழுது சாய்ந்த பிறகும் கடையைத் திறந்து வைத்தான். அந்தச் சாலையில் இருட்டில் எரிந்த ஒரே விளக்கு அவனுடையதாயிற்று.

இவ்வாறிருக்க, கொடைவிழாவில் ஆண்டுதோறும் சிலம்பம் ஆடவரும் மேலத்தருவைக் குழுவினர், சென்ற ஆண்டு ஆட்டம் முடிந்ததும் ஒலிபெருக்கியில், "உவரிமேட்டுல கம்பெடுக்க ஓர் ஆம்பளகூட இல்லியா? உப்புத் தின்னா ரோசம் வரும்னு சொல்லுவாங்களே!" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சொல் ஊரின் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது. ஆகவே தை மாதத்துக் கமிட்டிக் கூட்டத்தில், தலைவரும் அரிசிக்கடை முதலாளியுமான ஆதிமூலம் எழுந்து நின்று, "அண்ணாச்சி, இந்த வருசம் மேடைக்கு நீங்கதான்" என்றார்.

"வயசாயிட்டு வே."

"அதனாலதான் கேக்கோம். சின்னப்பயலுவ ஆடுனா ஆட்டம். நீங்க நின்னாலே போதும், மேலத்தருவைக்காரன் பஸ் ஏறிருவான்."

"தொட்டு ரொம்ப நாளாச்சு..."

"அத்தன நாளா பசியோட தொங்குது, அண்ணாச்சி!" என்றான் கடைசி வரிசையிலிருந்து தங்கத்துரை. கூட்டம் கைதட்டியது. கைதட்டலுக்கு நடுவில் இல்லை என்று சொல்லும் ஆற்றல் சுயம்புலிங்கத்துக்கு இல்லாமற்போயிற்று. அவர் தலையை மெல்ல ஆட்டினார். அது ஆமோதிப்பாகக் கொள்ளப்பட்டு, நோட்டீஸுக்கு உடனே ஆள் போனது.

பங்குனிக்குள் கற்றுவிடலாம் என்று அவர் எண்ணினார். உச்சிவெயிலில் லாரி வராத வேளையில், எடைமேடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் புகுந்து தாழிட்டு, கைப்பேசியைச் சாக்கு மூட்டையின் மேல் சாய்த்து, ஒலியை அடக்கி வைத்துவிட்டு, அதில் ஒரு வாலிபன் செய்து காட்டிய முதற்பாடத்தைப் பார்த்தார். சங்கிலிக்கு அருகிலும் பிடிக்கலாகாது, கடைமுனையிலும் பிடிக்கலாகாது, கட்டையின் நடுவில் பிடிக்க வேண்டும். மணிக்கட்டை இளக்கி, மறுகட்டையைத் தோளுக்கு மேலே வீச வேண்டும். அது முதுகைச் சுற்றி இறங்கி அக்குளுக்குக் கீழே வரும்போது, அங்கே காத்திருக்கும் மற்றொரு கை அதைப் பற்ற வேண்டும். கண் கட்டையைப் பார்க்கலாகாது, முன்னே பார்க்க வேண்டும். எவ்வளவு விசையாக அனுப்புகிறோமோ அவ்வளவு விசையாக அது திரும்பி வரும். இவ்வளவுதான் பாடம்.

சுயம்புலிங்கம் வீசினார். கட்டை தோளைத் தாண்டியது, முதுகைத் தொட்டது, அக்குளுக்குக் கீழே காத்திருந்த கையை மதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து, முழங்கையின் கூர்முனையில் 'டொக்' என்று இறங்கியது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வலியை எதிர்பார்த்தார். வலி வரவில்லை. தடவிப் பார்த்தார், வீக்கமும் இல்லை. மறுபடி வீசினார், நெற்றியில் விழுந்தது. அப்போதும் ஒன்றுமில்லை. உப்புக்காற்றில் ஊறிய உடம்பல்லவா என்று அவர் உள்ளுக்குள் பெருமிதம் கொண்டார்.

முதல் அடி விழுந்த அதே நொடியில் அரிசிக்கடையில் ஆதிமூலத்தின் கையிலிருந்து படி நழுவியது, தேநீர்க்கடை மாஸ்டர் ஆற்றிய தேநீர் கோப்பையைத் தவறவிட்டுத் தரையில் இறங்கியது, அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வரிசையாகக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள், கோவில்பட்டி தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஓட்டுநர்கள் லாரியை ஓரங்கட்டிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருடைய முழங்கையிலும் பாசிப்பயறு அளவில் ஒரு புடைப்பு. சற்றைக்கெல்லாம் எல்லாருடைய நெற்றியிலும் இன்னொன்று.

பங்குனி நெருங்கும் காலம், அம்மன் கொடைக்கு நாள் குறித்த ஊர், உடம்பில் முத்து முத்தாகப் புடைப்பு. இதற்குப் பொருள் சொல்ல உவரிமேட்டுக்கு வேறெவரும் தேவைப்படவில்லை. அம்மை என்றார்கள், அம்மன் விளையாடுகிறாள் என்றார்கள், வாசல்தோறும் வேப்பிலை செருகினார்கள், அடுப்பில் கடுகு தாளிப்பதை நிறுத்தினார்கள், இளநீர் விலை ஏறியது, தண்ணீர்க் குழாயடியில் முத்துக்களின் இருப்பிடமே பேச்சாயிற்று.

"ஏட்டி, உனக்கு எங்கெங்க போட்டிருக்கு?"

"முழங்கையில ஒண்ணு, பிடரியில ஒண்ணு. நேத்து மத்தியானம் சோறு வடிக்கும்போது மூக்குல ஒண்ணு."

"எனக்கும் மூக்குதான்! அம்மாவுக்கு இந்த வருசம் மூக்கு மேல ஆசை."

"சொர்ணக்கிளி மதினிக்கு ஒண்ணுகூட இல்லியாம்லா!"

சுயம்புலிங்கத்தின் மனைவி சொர்ணக்கிளி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "அம்மனுக்கு எங்க வீட்டுப் பக்கம் வர நேரமில்ல போல" என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஊர்ப் பெண்களுள் முத்து விழாத மேனி அவளுடையது ஒன்றே. அம்மன் தீண்டாத அந்தப் பெண்ணைக் கண்டு சிலர் இரங்கினார்கள், சிலர் ஒதுங்கினார்கள், அவள் கொடுத்த மோரை வாங்கலாமா என்றுகூட ஓரிடத்தில் பேசப்பட்டது.

சுயம்புலிங்கத்துக்கு உண்மை விளங்கியது பஞ்சர்க்கடையில்தான். பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்க, தங்கத்துரை டயரை நெம்பிக்கொண்டே, "இது அம்மையே இல்ல அண்ணாச்சி, எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு" என்றான். "நேத்து மத்தியானம் கை கழுவக் குனிஞ்சேன். யாரோ கட்டையால அடிச்ச மாதிரி வலது விலாவுல ஒண்ணு. நிமிந்தேன், இடது காதுல ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கொட்டாவி விடுற நேரம்தான்."

வலது விலா, இடது காது, நடுவில் கைப்பேசியை நிமிர்த்தி வைத்த ஒரு கொட்டாவி நேரம். சுயம்புலிங்கம் தம் விலாவைத் தடவினார். அது கல்லுப்போல் நலமாயிருந்தது. அன்று மாலை ஊரைச் சுற்றி நடந்து, யார் யாருக்கு எங்கெங்கே வீங்கியிருக்கிறது என்று நலம் விசாரிப்பதுபோல் விசாரித்தார். தாம் தம்மை அடித்துக்கொண்ட ஒவ்வோர் அடியையும் பிறர் மேனியில் அவர் சந்தித்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சொர்ணக்கிளி, "சாப்பிடலியா?" என்று கேட்டதற்கு அவளுடைய மாசற்ற நெற்றியைப் பார்த்துவிட்டு, பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

வெட்கப்பட்டார் என்பது உண்மை. மறுநாள் உச்சிவெயிலில் மீண்டும் கொட்டகைக்குள் போய்த் தாழிட்டார் என்பதும் உண்மை. நோட்டீஸ் அச்சாகிவிட்டது; அதில் 'பினாங்குப் புலி' என்று அவர் பெயருக்கு முன்னால் போட்டுவிட்டார்கள். கொடை முடியட்டும், எல்லாருக்கும் சேர்த்து நேர்ந்துகொள்ளலாம், பயறளவு வீக்கத்தால் யாரும் செத்ததில்லை என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். வலி தன் உடம்பில் இறங்காத வரைக்கும் வெட்கத்துக்குப் பல் முளைப்பதில்லை. ஆகவே அவர் வீசினார், தவறினார், மறுபடி வீசினார். ஒவ்வொரு 'டொக்'குக்கும் ஊர் ஒருமுறை துள்ளியது.

கணக்குக் கேட்க வந்த ஆதிமூலம் ஒரு மத்தியானம் கொட்டகையின் தகர இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார். பினாங்குப் புலி தன் மண்டையில் தானே அடித்துக்கொள்வதைக் கண்டார். அந்த அடி ஆதிமூலத்தின் மண்டையில் விண்ணென்று இறங்கியது. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "அடப்பாவி, இவருக்கு ஒண்ணுமே தெரியாதா!" என்று முணுமுணுத்தார். அடுத்த அடியும் விழுந்தது. அது ஆதிமூலத்துக்கு விழவில்லை. அதற்கடுத்ததும் விழவில்லை. பழைய வீக்கங்களும் வெந்நீரில் போட்ட உப்பாய்க் கரைந்து இறங்கின. அரிசி வியாபாரம் செய்கிறவர் அல்லவா, அவருக்கு விளங்க வெகுநேரம் ஆகவில்லை. நம்புகிறவனுக்குத்தான் விழுகிறது.

அவர் இதை அம்பலப்படுத்தவில்லை. ஊரின் மானம் நோட்டீஸில் ஏறியிருந்தது. தம் மனைவியை மட்டும் அழைத்துவந்து இடுக்கைக் காட்டினார். அவள் பார்த்தாள், குணமடைந்தாள். அவள் தன் தங்கையை அழைத்துவந்தாள். இவ்வாறாக, அம்மன் பெயரால் தொடங்கிய நோய்க்குத் தகர இடுக்கு மருந்தாயிற்று. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டும், கிழவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டும், செருப்பை ஓசைப்படாமல் கையிலெடுத்துக்கொண்டும் சனங்கள் மத்தியானந்தோறும் வந்து, ஒரு கண்ணால் பார்த்து, பார்த்த கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். வாசல் வேப்பிலைகள் ஒவ்வொன்றாக இறங்கின, கடுகு மீண்டும் வெடித்தது. வெளியூர் ஓட்டுநர்களுக்குப் போனில் சொல்லிக் குணப்படுத்தினார்கள்.

ஆனால் அடியின் கனம் குறையவில்லை. ஆயிரம் பேருக்குப் பயறளவாய்ப் பிரிந்த அடி, நூறு பேருக்கு நெல்லிக்காயளவாய்ப் பிரிந்தது. நம்பிக்கை குறையக் குறைய, எஞ்சி நம்பியவர்களின் பங்கு பெருத்தது.

ஒருநாள் கொட்டகைக்கு வெளியே ஒரு குழந்தை சிணுங்கியது. சுயம்புலிங்கம் தாழை நீக்கினார். வெயிலில் ஒரு வரிசை நின்றிருந்தது. அவரைக் கண்டதும் யாரும் ஓடவில்லை, சிரிக்கவுமில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாயிருந்தது. முன்னால் நின்ற உப்பளத்து மேஸ்திரி பணிவோடு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நீங்க பாட்டுக்குச் சுத்துங்க. எங்க வீட்டுல மாமியா மட்டும்தான் இன்னும் பாக்கல" என்றார்.

"என்னத்தப் பாக்க?"

பின்னால் நின்ற மாமியார்தான் பதில் சொன்னாள். "நீ தெரியாம அடிச்சிக்கிடுறதப் பாத்தா வீக்கம் வத்துதாம், ராசா. கதவத் தெறந்ததுலயே எனக்குப் பாதி வத்திட்டு."

"எல்லாரும் பாத்தாச்சா?"

"இந்த வரிசையோட எல்லாரும் பாத்தாச்சு. பஞ்சர்க்கடைத் தங்கத்துரைதான் வரமாட்டேன்னுட்டான். அண்ணாச்சி பயிற்சி எடுக்கையில ஒளிஞ்சு பாக்குறது மரியாத இல்லியாம். இப்ப மொத்தத்தையும் வாங்குறது அவன் ஒருத்தன்தான்."

சற்றுமுன் புருவத்தில் விழுந்த அடியைச் சுயம்புலிங்கம் நினைத்தார். அது இதுவரை விழுந்தவற்றுள் மிக விசையானது. வெறுங்காலோடு சாலையைக் கடந்தார்.

தங்கத்துரை கடைக்குள் டயர் அடுக்கில் சாய்ந்திருந்தான். ஒரு கண் முற்றிலும் மூடிப்போயிருந்தது, நெற்றி சுரைக்காயாய்ப் புடைத்திருந்தது, முழங்கையை மடக்க முடியாமல் கையைத் தொங்கவிட்டிருந்தான். மற்றொரு கண்ணால் அவரைப் பார்த்து எழ முயன்றான். "வாங்க அண்ணாச்சி. ஊர்ப்பயலுவ என்னென்னமோ சொல்லுதானுவ. நாய் குலைச்சா மலை குனியுமா?"

"தங்கத்துரை, அவங்க சொல்லுதது உண்மை வே. எனக்குச் சுத்தத் தெரியாது."

அவன் சிரித்தான்; சிரிக்க வலித்தது. "பெரிய ஆளுக எல்லாம் இப்பிடித்தான் சொல்லுவாங்க."

"சீனரும் கிடையாது, அஞ்சு பேரும் கிடையாது."

"பத்துப் பேருல்லா?"

"ஒருத்தன்கூடக் கிடையாது வே! என்னிய நம்பாத. உயிர் போயிரும்."

"அடக்கம் அண்ணாச்சி, அடக்கம். அதனாலதான் உங்கள நான் நம்புதேன்."

சுயம்புலிங்கம் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தார். பொதுவாகச் சொல்லும் உண்மை எடுபடாது என்று அவருக்குத் தெரிந்தது. பொய் அவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம் அது கேட்கத் தகுந்ததாக இருந்ததே. இனி, சொல்லத் தகாததையே சொல்ல வேண்டும்.

"பினாங்குல ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னால சாமான் வாங்கப் போனேன். ஒரு கடையில பிளாஸ்க் வாங்கினேன். அத வாங்குனா இது இலவசம்னு கையில குடுத்தான். என்னன்னு கேட்டேன். சின்னப்பிள்ளைக வெளையாடுறதுன்னான். வேணாம்னு சொன்னேன். ஓசிதான, வச்சுக்கோன்னான்."

தங்கத்துரை சிரிக்கவில்லை. "எந்தப் பிளாஸ்க்?" என்று கேட்டான்.

"பச்சக் கலரு. மூடியில விரிசல் விட்டது."

"எங்க அம்மா ஆசுபத்திரியில கெடக்கும்போது கஞ்சி கொண்டாந்தியளே, அதா?"

"அதான்."

பச்சை நிறப் பிளாஸ்க் ஒன்று உலகத்தில் இருப்பதை அவன் அறிவான். அதிலிருந்து கஞ்சி ஊற்றித் தாயின் வாயில் புகட்டியவன் அவன். அவனுடைய மூடிய கண் மெல்லத் திறந்தது, நெற்றி தணிந்தது, முழங்கை மடங்கியது. சுயம்புலிங்கம் அருகிலிருந்து அதைப் பார்த்தார். ஒரு மனிதனின் முகத்திலிருந்து தாம் வற்றிப்போவதை வீக்கம் வற்றும் வேகத்தில் பார்த்தார். தங்கத்துரை எழுந்து, வெளியே கிடந்த டயர்களை ஒவ்வொன்றாக உள்ளே உருட்டிப் போட்டான்.

"என்ன வே, இப்பமே பூட்டுற? பொழுது இன்னும் சாயலியே."

"தனியா இருக்கேன்ல அண்ணாச்சி" என்றான் அவன், அவரைப் பார்க்காமல். அன்றுமுதல் லாரிகள் திரும்பும் முக்கில் பொழுது சாய்ந்ததும் இருட்டாயிற்று.

கொடை வந்தது. செவ்வாய்க்கிழமை, கரகம், மாவிளக்கு, வில்லுப்பாட்டு எல்லாம் முறைப்படி நடந்தன. நோட்டீஸில் அச்சாகிவிட்டதால் ஆதிமூலம் வேறு வழியின்றி ஒலிபெருக்கியில் பினாங்குப் புலியை அழைத்தார். சுயம்புலிங்கம் வெறுங்கையோடு மேடை ஏறினார். இரவும் பகலும் மனத்தில் உருட்டித் திரட்டிய சொற்களை, ஊர் தம்மேல் கல்லெறிந்தாலும் எறியட்டும் என்னும் துணிவோடு சொன்னார். "எனக்கு இந்தக் கலை தெரியாது. நான் சொன்னது பொய். எல்லாரும் மன்னிக்கணும்."

ஒருவரும் கல்லெறியவில்லை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் தன் பிள்ளைக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்தாள். யாவரும் ஏற்கெனவே பார்த்துக் குணமடைந்த ஒன்றை அவர் புதிதாக அறிவித்துக்கொண்டு நின்றார். எறிய வேண்டிய கல்லைக்கூட அவர்கள் எப்போதோ கீழே போட்டுவிட்டார்கள். மேலத்தருவைக்காரர்கள் மட்டும் சீட்டியடித்தார்கள். ஆதிமூலம் ஒலிவாங்கியை மெதுவாக அவர் கையிலிருந்து எடுத்து, "நன்றி அண்ணாச்சி. அடுத்து..." என்றார்.

வீட்டுக்கு வந்தவர் முன்னறைச் சுவரை நோக்கி உட்கார்ந்தார். ஆணி வெறுமையாயிருந்தது. சொர்ணக்கிளி தட்டை வைத்தாள்.

"உனக்கு ஒண்ணுகூட வீங்கலியே" என்றார் அவர். எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த கேள்வி அது. "ஒருநாள்கூட நம்பலியா?"

"பெட்டியத் தெறந்த அன்னிக்கே தெரியும். கட்டையில ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு. பிளாஸ்கும் கட்டையும் பக்கத்துல பக்கத்துல படம் போட்டிருந்தான். தேங்கா எண்ணெயத் தடவி உரிச்சது யாரு? நாந்தான்."

"ஏன் சொல்லல?"

"நீங்க தேநீர்க்கடையில சொல்லிட்டு வந்திய. மறுநாள் தெருவுல நெஞ்ச நிமித்தி நடந்திய. அது உங்களுக்கு ஒரு சட்ட மாதிரி இருந்துச்சு. கட்டின புருசன்கிட்ட நடுத்தெருவுல சட்டயக் கழத்துன்னு எப்பிடிச் சொல்ல?" அவள் ரசத்தை ஊற்றினாள். "அளவு கொஞ்சம் பெரிசுதான். ஆனா தொவச்சுத் தொவச்சுப் போட்டுட்டிய."

அவர் சோற்றைப் பிசைந்தாரேயன்றி உண்ணவில்லை. ஊர் முழுவதும் நம்பிய காலமெல்லாம், நம்பாத ஒருத்தி கையால் அவர் உண்டிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் அவர் கொட்டகைக்குப் போனார். "இன்னும் எதுக்கு?" என்று சொர்ணக்கிளி கேட்டதற்கு, "இப்ப விட்டா பொய் மட்டும்தான் மிஞ்சும்" என்றார். கதவைத் தாழிடவில்லை. கட்டை தோளைச் சுற்றி வந்து முழங்கையில் விழுந்தது. கண்ணில் பொறி பறந்தது. ஐயோ என்று கத்திவிட்டார். நம்புவோர் ஒருவருமில்லாத உலகத்தில் அடி தன் உரியவரைத் தேடி வந்து சேர்ந்திருந்தது. மக்கள் வாங்கிய வலி இதுதானா, இவ்வளவா, கொட்டாவி விடும் நேரத்தில் இரண்டா என்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உப்பு மூட்டையின் மேல் அமர்ந்து அழுதார். பிறகு எழுந்து வீசினார். வலி வந்தபின் பாடமும் வந்தது. கை, அடிக்குப் பயந்து, அக்குளுக்குக் கீழே சரியான இடத்தில் போய் நிற்கக் கற்றது. மணிக்கட்டு இளகியது. கண் முன்னே பார்த்தது. தோளைத் தாண்டிய கட்டை ஒருமுறை, தானே இறங்குவது போல, அவர் இடக்கைக்குள் வந்து அமர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொர்ணக்கிளி மோர்ச் செம்போடு கொட்டகை வாசலுக்கு வந்தாள். அவர் கவனிக்கவில்லை. வீசினார், பிடித்தார். கை மாற்றி வீசினார், பிடித்தார். ஐம்பத்தொன்பது வயது உடம்பு வியர்வையில் மின்ன, வாய் குழந்தையைப்போல் திறந்திருக்க, மூன்றாம் முறையும் பிடித்தார். அவள் செம்பை ஏந்தியபடி நின்று பார்த்தாள். நான்காவது தவறியது. கட்டை நேரே நெற்றிக்கு வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வலி வரவில்லை.

வாசலில் செம்பு விழுந்தது. "கொஞ்சம் பாத்துச் சுத்தப்படாதா?" என்றாள் சொர்ணக்கிளி. அவளுடைய நெற்றியின் நடுவில், பொட்டுக்கு ஒரு விரற்கடை மேலே, ஊரில் எவருக்கும் ஒரே அடியில் எழாத அளவுக்கு ஒரு கொழுக்கட்டை எழும்பிக்கொண்டிருந்தது.

அவர் ஓடிவந்து அவள் முகத்தைப் பார்த்தார். பார்க்க முடியாமல் குனிந்துகொண்டார். ஊர் நம்பியபோதும், ஊர் நம்பாமற்போனபோதும், மேடையில் நின்றபோதும் படாத வெட்கத்தை அவர் அப்போது பட்டார். அவள் கீழே உட்கார்ந்தாள். அவர் மூட்டையிலிருந்து கல்லுப்பை அள்ளி, வெயிலில் காய்ந்த தகரத்தின் மேல் சூடேற்றித் துணியில் முடிந்து, அவள் நெற்றியில் ஒத்தடம் கொடுத்தார். பிறகு கட்டைகளை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார்.

தங்கத்துரை சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "என்ன அண்ணாச்சி?"

"பழைய டியூப் ஏதாச்சும் கெடக்கா வே? கட்ட மேல சுத்தணும். புதுசாப் படிக்கறவங்க அடிபடாம இருக்க அப்பிடித்தான் சுத்திக்கிடுவாங்களாம்."

"யாரு புதுசாப் படிக்கா?"

"நாந்தான்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு, கட்டைகளை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எதுவரைக்கும் வந்திருக்கு?"

"மொதப் பாடம். தோளத் தாண்டிப் பிடிக்கறது. மூணு பிடிச்சா ஒண்ணு விட்டுப்போகுது."

தங்கத்துரை ஒரு பழைய டியூபை நீளவாக்கில் கிழித்தான். முதற்கட்டையில் இழுத்துச் சுற்றினான். சுற்றிக்கொண்டே, குரல் உயராமல், "இதயாவது நம்பலாமா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"ரெண்டு கட்டையும் சுத்தி முடி வே" என்றார் சுயம்புலிங்கம். "அப்பொறம் நம்பு."

இரண்டாவது கட்டையும் சுற்றி முடிந்து, கடைக்கு முன்னால் ஒருமுறை வீசப்பட்டு, எவருக்கும் வலிக்காமல் இவ்விவகாரம் தீர்ந்தது, விளம்பி ஆண்டு பங்குனித் திங்கள் பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்.